பூதப் பள்ளியில் தேறாத பிள்ளைகள்: 9 முதல் 12 வயதினருக்குச் சாகச நாவல் எழுதும் முறை

பூதமும் பேயும் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். அதில் எந்தப் பாடத்திலும் தேறாத நாலு பிள்ளைகள். கடைசியில் அந்த நாலு பேரை விட்டால் வேறு வழியில்லை என்று ஆகிற ஓர் ஆபத்து. இந்தக் கதைக்கு எப்போதும் வாசகர் உண்டு. எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பூதங்களை வரைந்து பார்ப்பார்கள். எத்தனை கண், எவ்வளவு நீளப் பல், என்ன நிறம் என்று நோட்டு நிறைந்துவிடும், கதை மட்டும் நகராது. தொடங்க வேண்டிய இடம் வேறு. அந்தப் பள்ளி எதை வைத்துப் பிள்ளைகளை அளக்கிறது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அளவுகோல் தெரியாமல் யாரையும் பொருந்தாதவர் என்று சொல்ல முடியாது.

அளவுகோலை அமைப்பது

மனிதர்களைப் பயமுறுத்தக் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அலறலை அளந்து மதிப்பெண் போடுவதெல்லாம் திரைப்படத்திலேயே வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு, நம் மரபில் பூதங்களுக்கு என்ன வேலை என்று பாருங்கள். பெரும்பாலும் காவல் வேலைதான். சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதம் நாலு காதம் கேட்கிற குரலில் எச்சரிக்கும். பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர், அரசனுக்கு இரண்டகம் செய்யும் அமைச்சர் உள்ளிட்டவர்களைக் கயிற்றால் கட்டித் தின்னும். புதையலுக்குப் பூதம் காவல். கோயில் மண்டபத் தூணுக்கு யாளி காவல்.

ஆகவே இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக ஒரு காவல் பள்ளியை வைத்துக்கொள்வோம். படித்து முடித்தால் ஒரு தூணோ, ஒரு முச்சந்தியோ, ஒரு ஏரி மதகோ பணியிடமாகக் கிடைக்கும். இறுதித் தேர்வு ஒன்றே ஒன்று: பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை அசையாமல் நிற்க வேண்டும். இமைத்தால் தோல்வி.

அளவுகோல் சரியாக அமைந்ததா என்று மூன்று கேள்விகளில் தெரிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? அது ஒரு காலத்தில் நியாயமாக இருந்ததா? அதை அப்படியே பின்பற்றினால் பின்னால் ஒரு கேடு வருமா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வராவிட்டால் உங்களிடம் இருப்பது பள்ளி வருணனை மட்டுமே. நம் எடுத்துக்காட்டில் அந்தக் கேடு தானாக வருகிறது. சிலைத் திருடர்கள் மண்டபத்துக்குள் நுழைகிறார்கள். முதல் வகுப்பில் தேறிய காவலர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், அசைந்தால் பணி போய்விடும். தமிழ்நாட்டில் சிலைக் கடத்தலுக்கென்றே காவல்துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. வில்லனுக்காக வேறு உலகத்து இருட்டு அரசனைத் தேடி அலைய வேண்டாம்.

பிள்ளைகள்

நாலு பேர் போதும். ஐந்தாவது ஆள் வந்ததும் ஒவ்வொரு காட்சியிலும் யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பார். வாசிக்கிற பிள்ளை அவரை மறந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் குறை மட்டும் இருந்தால் போதாது, அந்தக் குறைக்கு ஒரு காரணம் வேண்டும். இதைச் செயங்கொண்டாரிடம் கற்றுக்கொள்ளலாம். கலிங்கத்துப்பரணியில் நொண்டிப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய், கூன் பேய் என்று ஒரு வரிசையே வரும். அதில் ஒரு பேய்க்கு ஒரு கண் தெரியாது. சக்கரக்கோட்டத்துப் போருக்குப் பிறகு கூழ் சமைத்தபோது கொதிக்கிற கூழ் கண்ணில் தெறித்துவிட்டதாம். ஒரே வரியில் அந்தப் பேய்க்கு ஒரு வாழ்க்கை வந்துவிடுகிறது. ஆனால் அவர் ஊனத்தைச் சிரிப்புக்குப் பயன்படுத்திய விதத்தை மட்டும் இன்று பின்பற்ற வேண்டாம். ஊனமுள்ள பாத்திரம் இருந்தால் கதை முடிவில் மந்திரத்தால் குணமாக்கிவிடவும் வேண்டாம். வாசிக்கிற பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள்.

நம் பள்ளிக்கு வருவோம். நாயகி அல்லி, நெடுஞ்சாலையோரப் புளியமரத்தில் வளர்ந்த பேய்ப் பெண். சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டிவிட்டார்கள், அதனால் பள்ளியில் சேர்க்கப்பட்டவள். பிறந்ததிலிருந்து லாரிகளை எண்ணியே பொழுதுபோக்கியதால் எதைப் பார்த்தாலும் எண்ணுவாள், எண்ணும்போது உதடு அசையும். அசையக் கூடாத தேர்வில் இவள் தேறவே முடியாது. அடுத்தவன் நாலுகாதன், சதுக்கப்பூதப் பரம்பரை. தாத்தாவின் குரல் நாலு காதம் கேட்கும், இவன் குரல் அடுத்த பெஞ்சுக்குக் கேட்டால் பெரிது. மூன்றாவது ஒரு யாளிக்குட்டி. கோயில் தூண் யாளியின் வாயில் கல் உருண்டை இருக்குமே, விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. இந்தக் குட்டிக்கு அந்த உருண்டை ஒரு சுற்று சிறியது; மூச்சு விட்டாலே கடகடவென்று சத்தம் கேட்கும். நாலாவது இடத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசுக்குக் கொடுக்கலாம், சதுப்பிலிருந்து மலைக்கு வந்ததால் தீ சரியாகப் பற்றாத பையன்.

குறையை முடித்ததும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: அவர் வாய்விட்டுக் கேட்பது என்ன, யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது என்ன. இரண்டும் முரண்பட வேண்டும். அல்லி கேட்பது ஒரு நல்ல மரத்தில் பணியிடம். சொல்லாதது, வெட்டப்பட்ட மரத்தின் வேர்க்கட்டை இன்னும் அங்கே இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும் என்பது.

இனி பலரும் சறுக்குகிற இடம். குறையே உச்சக்கட்டத்தில் ஆயுதமாகிவிடும் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணுகிற பெண் என்றால் கடைசியில் எண்ணித்தான் ஜெயிப்பாள் என்று பின்வரிசைப் பையன் சொல்லிவிடுவான். அதனால் அந்தப் பலனை முன்னாலேயே செலவழித்துவிடுங்கள். நடுக்கதையில் அல்லி தூண்களை எண்ணி ஒன்று குறைகிறது என்று கண்டுபிடிக்கட்டும், ஒருவரும் நம்பாமல் போகட்டும். உச்சக்கட்டத்தில் அதே பழக்கம் குறுக்கே நிற்கட்டும்.

இறந்தவர்களா, பிறந்தவர்களா

எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டிய இன்னொன்று இது. பேய் என்றால் செத்தவர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வகுப்பறையில் இருக்கிற அத்தனை பேரும் இறந்துபோன குழந்தைகள். ஒவ்வொரு நகைச்சுவைக்குப் பின்னாலும் ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள். அது வேறு வகை நாவல். எழுதலாம், ஆனால் தெரிந்து எழுத வேண்டும். சாகசக் கதைக்குப் பேய்களைப் பிறந்து வளரும் ஓர் இனமாக வைப்பது எளிது. பரணியிலேயே பேய்களுக்குப் பசி உண்டு, கருவுற்ற பேய் உண்டு, விருந்தாளிப் பேய் உண்டு, இமயமலைக்குப் போய் உருத்திரயோகினியிடம் மாயவித்தை கற்றுவந்த முதுபேயும் உண்டு.

சுடலைமாடன், முனீஸ்வரன், காட்டேரி அம்மன், இசக்கி ஆகியோரை மாணவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்கள் பல குடும்பங்களின் குலதெய்வம். நாட்டார் கதைகளில் வரும் பேய்கள் பலவற்றுக்குப் பின்னால் கொலையும், கர்ப்பிணியின் சாவும், சாதி வன்முறையும் இருக்கின்றன. அந்தக் கதைகளைக் காமெடிக்கு எடுத்தால் படிக்கிறவருக்கு உறுத்தும்.

இடமும் வாசலும்

கற்பனை ஊருக்கு ஓர் உண்மையான நில அமைப்பைக் கொடுங்கள். தேரிக்காட்டுச் செம்மணல், பிச்சாவரத்து அலையாத்திக் காடு, செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு என்று தமிழ்நாட்டிலேயே நிறைய இருக்கிறது. தனுஷ்கோடி இடிபாடு பார்க்க ஏற்றதாகத் தோன்றும். 1964 டிசம்பர் புயலில் உறவை இழந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பதால் அங்கே பேய்ப் பள்ளி வைப்பது சரியில்லை.

நம் பள்ளியைக் கொல்லிமலையில் வைப்போம். அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. பள்ளி இருப்பது 71ஆவது வளைவில். இரகசிய வாசல் என்பது பழைய உத்திதான். அதைப் புதிதாக்குவது அதன் விதி. இந்த வளைவு எண்ணிக்கொண்டு வருகிறவருக்குத் தெரியாது. எண்ணிக்கை தப்பியவருக்குத்தான் தெரியும். இப்போது அல்லிக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். பள்ளிக்குள் நுழைவதே அவளுக்கு ஒரு போராட்டம். உச்சக்கட்டத்தில் திருடர்களை முந்திக்கொண்டு திரும்ப வேண்டும், அவளால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாலுகாதன் அவள் காதருகில் தப்பும் தவறுமாக எண்களைச் சொல்லிக்கொண்டே வருகிறான்: முப்பத்தாறு, பதினேழு, அம்பத்திரண்டு. அறுபதாவது வளைவுக்குள் அவளுக்குக் கணக்குக் குழம்பிவிடுகிறது. ஒருவரின் சிறிய குரலால் இன்னொருவரின் பழக்கம் உடைகிறது. வாசலுக்கு விதி போடும்போதே அதை மீற முடியாமல் தவிக்கப்போவது யார் என்று யோசித்திருந்தால்தான் இப்படி ஒரு காட்சி கிடைக்கும்.

மலையில் வாழும் பழங்குடி மக்களைப் பேயோடு பேசுகிறவர்கள், மந்திரம் தெரிந்தவர்கள் என்று காட்ட வேண்டாம். மிளகும் காப்பியும் பயிரிடுகிற குடும்பத்துப் பிள்ளை ஒன்று கதையில் வரட்டும், நம்மைப் போலவே பேசட்டும்.

பள்ளி நம் பள்ளியாக இருக்கட்டும்

நீண்ட அங்கி, நான்கு இல்லங்கள், ஆந்தைத் தபால், மெழுகுவத்தி எரியும் உணவு மண்டபம் எல்லாம் வேறு ஊர்ப் பள்ளியின் சாமான்கள். உங்கள் வாசகருக்குத் தெரிந்தது வேறு: வருகைப் பதிவேடு, அரையாண்டுத் தேர்வு, ரேங்க் கார்டு, பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் கணக்கு ஆசிரியர், அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றதும் அவசரமாக ஒட்டடை அடிப்பது (இங்கே ஒட்டடை கட்டுவார்கள்). சத்துணவுக் கூடத்தில் பேய்களுக்குக் கூழ். குண்டோதரனின் வம்சத்தில் ஒரு பிள்ளை படித்தால் சமையல்காரர் என்ன பாடுபடுவார் என்பதே ஓர் அத்தியாயம். மதுரைக் கல்யாண விருந்து முழுவதையும் தின்றுவிட்டுத் தாகத்துக்கு வைகையையே வரவைத்த பூதம் அது.

சொல்லிவிடுவதற்கும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த வகையில் பளிச்சென்று தெரியும். "அந்த வகுப்பறை மிகவும் பயங்கரமாக இருந்தது, எங்கும் இருள் சூழ்ந்திருந்தது" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

ஆசிரியர் பதிவேட்டைத் திறந்தார். "அரூபன்."
"உள்ளேன் ஐயா" என்றது காலி பெஞ்சு.
"நாலுகாதன்."
பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் வாயைத் திறந்தான். ஒன்றும் கேட்கவில்லை.
ஆசிரியர் நிமிர்ந்து பார்க்காமலே பேனாவால் ஒரு கோடு போட்டார். "ஆப்சென்ட்."

பள்ளி எதை மதிக்கிறது, யார் உள்ளே, யார் வெளியே என்பது ஐந்து வரியில் வந்துவிட்டது. ஆசிரியர் கெட்டவராகவும் இல்லை, அவருக்குப் பழக்கம் அப்படி.

அத்தியாயக் கணக்கு

ஆங்கிலத்தில் இந்த வயதுக்கான மாயப் புனைவு 40,000 முதல் 60,000 சொற்கள் வரை போகும். தமிழில் ஒட்டுகள் சொல்லோடு சேர்ந்துவிடுவதால் அதே கதைக்குக் குறைந்த சொற்களே போதும். 22 அத்தியாயம், அத்தியாயத்துக்குச் சுமார் 1,000 சொல் என்று 22,000 வைத்துக்கொள்வது நல்ல அளவு. ஒரே மூச்சில் ஓர் அத்தியாயத்தை முடிக்கலாம்.

மூன்றாம் அத்தியாயம் முடிவதற்குள் நாயகி பள்ளிக்குள் இருக்க வேண்டும். பள்ளியின் வரலாற்றை யாராவது உட்கார்ந்து விளக்குகிற அத்தியாயம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தச் செய்திகள் வேறு காட்சிகளில் சண்டையாகவோ தண்டனையாகவோ வரட்டும். ஆறில் முதல் தோல்வி, எல்லோர் முன்னிலையிலும். ஏழிலிருந்து பத்து வரை நட்பு. இங்கே அவசரப்படாதீர்கள், பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படிப்பது இந்தப் பகுதியைத்தான். பதினொன்றில் காணாமல் போன தூண். பதினாறில் நண்பர்களுக்குள் பிளவு. அது வெளியிலிருந்து வந்த சதியால் நேர்ந்ததாக இல்லாமல் அவர்களில் ஒருவர் உண்மையிலேயே செய்த தப்பால் வர வேண்டும். பதினேழிலிருந்து இருபத்தொன்று வரை ஓட்டம். கடைசி அத்தியாயம் குட்டையாக இருக்கட்டும்.

பெரியவர்களை ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்விக்குப் பதில் கதையிலேயே இருக்க வேண்டும். தலைமையாசிரியர் வெளியூர் போயிருக்கிறார் என்பது சோம்பல் பதில். நம் பள்ளியில் பதில் கையிலேயே இருக்கிறது: அவரிடம் சொன்னார்கள், அவர் நம்பவும் செய்தார், ஆனால் காவல் நேரத்தில் அசைய மாட்டார்.

பயத்தின் அளவு

இந்த வயதுப் பிள்ளைகள் பயப்பட விரும்புகிறார்கள், ஆனால் புத்தகத்தை மூடவைக்கிற பயம் வேறு. முதலில் சத்தம், பிறகு வாசனை, கடைசியில் உருவம் என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். இரத்தமும் சிதைந்த உடலும் தேவையில்லை. கடும் பயக் காட்சி ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டினால் நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு வேண்டும்; யாளிக்குட்டியின் உருண்டை தவறான நேரத்தில் கடகடக்கலாம். வீடு, அம்மா, சொந்தப் படுக்கை ஆகிய மூன்றையும் பயத்தின் இடமாக மாற்றாதீர்கள். இரவில் படித்துவிட்டு அந்தப் பிள்ளை அங்கேதான் தூங்கப் போகிறது.

மொழி

கதைசொல்லல் எளிய எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் என்பது பரவலாகப் பழகிய முறை. பேச்சு வழக்கை எப்படி எழுதுவது என்று ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். போறேன், சொல்லு, இருக்கு, வந்துட்டான் என்று இருபது சொல் போதும். முதல் அத்தியாயத்தில் "போறேன்", ஒன்பதில் "போகிறேன்" என்று ஒரே ஆள் பேசினால் வாசிக்கிற பிள்ளை தடுக்கி விழும். பாத்திரத்துக்கு ஒரு பேச்சு கொடுப்பதும் உதவும்: சதுக்கப்பூதத் தாத்தா "யாரங்கே, நில்லும்" என்று பழந்தமிழில் பேசட்டும், புளியமரத்து ஆத்தா "ஏ புள்ள, எங்கிட்டுப் போற?" என்று கேட்கட்டும்.

வாக்கியம் எட்டுப் பத்துச் சொல்லுக்குள் இருந்தால் நல்லது. "நின்றுகொண்டிருந்தவனிடமிருந்து" போன்ற நீளச் சொற்களை உடையுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பதுண்டு. மூச்சு வாங்குகிற இடத்தில் புத்தகம் கீழே போய்விடும்.

தமிழில் எழுதும்போது வருகிற சிக்கல் ஒன்று இருக்கிறது. பேய் வந்ததா, வந்தாளா? பேச்சில் பேய்க்கு எப்போதும் "வந்தது, போனது" தான். மக்கள், தேவர், நரகர் உயர்திணை என்கிறது நன்னூல்; பேய் எதில் சேரும் என்பதற்கு ஒரு வகுப்பறைச் சண்டையே வைக்கலாம், பள்ளியில் திணை படித்தவர்கள் இரசிப்பார்கள். எழுத்தில் ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்குள் எல்லோரும் அவன், அவள், மனிதர்கள் பேசும்போது மட்டும் அது. பிறகு ஓரிடத்தில் மலையூர்ப் பையன், "அது வந்துச்சு" என்று சொல்லத் தொடங்கி, அல்லியைப் பார்த்துவிட்டு, "அவ வந்தா" என்று மாற்றுகிறான். நட்பு பிறந்துவிட்டது என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

ஆசிரியர் வாயால் நீதி சொல்லவைக்காதீர்கள். "எல்லோரும் தனித்தன்மை உள்ளவர்கள்" என்ற வாக்கியம் எந்த அத்தியாயத்தில் வந்தாலும் அடித்துவிடலாம்.

சோதனையும் அச்சும்

முதல் வரைவு முடிந்ததும் ஐந்திலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கும் மூன்று நாலு பிள்ளைகளிடம் கொடுங்கள், உங்கள் சொந்தப் பிள்ளைகள் வேண்டாம். பிடித்ததா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லி, அது சரியாகவும் இருந்தால் கதையை மாற்ற வேண்டும். ஒருவராலும் ஊகிக்கவே முடியவில்லை என்றால் உங்கள் விதிகள் தெளிவாக இல்லை. சத்தமாக வாசிக்கச் சொல்லி, தடுமாறுகிற சொல்லை எல்லாம் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

டெமி என்ற புத்தக அளவில் 14 புள்ளி எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 160 சொல் பிடிக்கும். 22,000 சொல்லுக்கு 138 பக்கம், முழுப்பக்க ஓவியம் பத்து, முன்பக்கங்கள் ஆறு, ஆக 154. அச்சில் 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் இது 160 பக்கமாக, பத்துப் பாரமாக முடியும். செலவைக் குறைக்க 144க்குள் வர வேண்டுமானால் ஓவியத்தில் கை வைக்காதீர்கள், வருணனையைக் குறையுங்கள். ஓவியருக்கு முழு நாவலையும் கொடுப்பதோடு, ஒவ்வொரு பாத்திரத்தின் உயரத்தையும் மற்றவரோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாலுகாதன் மூன்றாம் படத்தில் கதவளவும் எட்டாம் படத்தில் ஜன்னலளவும் இருந்தால் முதலில் கண்டுபிடிப்பது வாசகர்தான்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது முதல் மூன்று அத்தியாயங்களும் ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் வையுங்கள். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். "பிறகு என்ன ஆனது என்பதை நாவலில் காண்க" என்று முடிக்கிறவர்களின் கையெழுத்துப்படி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சொந்தமாக வெளியிடுவதானால் இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்குக் கட்டணம் இல்லை. ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் விண்ணப்பித்து, எண் கைக்கு வந்த பிறகே அட்டையை அச்சுக்கு அனுப்புங்கள்.